இரண்டு பிளேயர், ஒரு காது

ஜூன் 1, ஞாயிறு

எட்வின் காலையிலேயே வேனில் வந்து இரண்டு டிஸ்க் பிளேயர்களையும் இறக்கிவிட்டுப் போனார். ரேஸ்கோர்ஸில் அவருடைய ஆடியோ கடையில் கேட்டதை வைத்து என்னால் முடிவு செய்ய முடியாது, என் அறையில் என் ஸ்பீக்கரில் கேட்டால்தான் தெரியும் என்று அவரைப் பல மாதமாக நச்சரித்திருந்தேன். இரண்டு வாரத் தவணை கொடுத்திருக்கிறார். "கீறல் மட்டும் விழாமப் பாத்துக்கங்க சார், ரெண்டுமே டெமோ பீஸ்" என்று படியிறங்கும்வரை சொல்லிக்கொண்டே போனார்.

ஒன்று கறுப்பு. தூக்க இரண்டு ஆள் வேண்டும். மின்சாரத்துக்கென்றே தனிப் பெட்டி. மேல்மூடியைத் தள்ளி, டிஸ்க்கை நேராக உள்ளே உட்காரவைத்து, அதன் தலையில் ஒரு காந்தக் குமிழை வைக்க வேண்டும். பூஜை செய்வது போல இருக்கிறது. மற்றது வெள்ளி. ஒல்லியான உடம்பு, டிஸ்க் வைக்க வழக்கமான டிரே, வழக்கமான பொத்தான்கள், முகப்பில் ஹெட்போன் சொருக ஒரு துளை. கறுப்பின் விலையில் பாதிகூட இல்லை.

இந்த டைரியில் இரண்டு பிளேயர்களைப் பற்றி மட்டும் எழுதுவது என்று தீர்மானம். பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. ஓடுகிற பம்பின் அருகில் நின்றால் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். வீட்டுக்கு வாங்குகிற சாமானையும் அதே ஒழுங்கோடு பரிசோதிப்பதில் தப்பில்லை.

பழைய பிளேயர் போன வருஷம் லென்ஸ் போய்ச் செத்தது. அதில் ஹெட்போன் போட்டுத்தான் கேட்பேன். இனிமேல் ஸ்பீக்கரில் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். தனியாகக் காரணம் ஒன்றுமில்லை. ஸ்பீக்கர்கள்மேல் போர்த்தியிருந்த பெட்ஷீட்டை எடுத்து மொட்டைமாடியில் உதறினேன். இத்தனை தூசியா!

நாளை அரை நாள் லீவு. சாந்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

ஜூன் 2, திங்கள்

சாந்தாவின் காதுக் கருவியை இன்று இயக்கினார்கள். தேதி பின்னால் மறந்துபோகும் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

என்னைக் கட்டிக்கொண்டபோது பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். கடைசி பெஞ்சில் பேசுவது கேட்கவில்லை என்று ஆரம்பித்து, முன் பெஞ்சும் கேட்காமல் போய், வேலையை விட்டாள். சாதாரண மெஷின் சில வருஷம் உதவியது. அப்புறம் அதுவும் பிரயோஜனமில்லை. போன மாதம் வலது காதுக்குள் ஆபரேஷன் செய்து மெல்லிய கம்பி ஒன்றை வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு கருவி, அதிலிருந்து ஒரு ஒயர், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லை. அவ்வளவுதான்.

ஆடியாலஜிஸ்ட் பெயர் நஸ்ரின். சின்னப் பெண். கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "சார், ஏதாவது பேசுங்க" என்றாள். "இன்னிக்கு திங்கக்கிழமை" என்றேன்.

சாந்தா திடுக்கிட்டு என் வாயைப் பார்த்தாள். "ஏனுங்க, வாத்து கத்தற மாதிரி இருக்குது."

"நான் பேசறதா?"

"நீங்களுந்தான், டாக்டரம்மாளுந்தான், அந்த நாக்காலி கூடத்தான்." சொன்னது தன் குரலிலேயே காதில் விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேச்சு போகப் போகத் தெளியும், மாதக்கணக்காகும் என்று நஸ்ரின் சொன்னாள். "மியூசிக் பத்தி மட்டும் நான் பிராமிஸ் பண்ண மாட்டேன் சார். சில பேருக்கு வருது, சில பேருக்குக் கடைசி வரைக்கும் வர்றதில்ல."

வரும்போது காரில் சாந்தா, "அந்தப் புள்ளைகிட்ட எத்தன வாட்டி பாட்டப் பத்தியே கேப்பீங்க?" என்றாள். உதட்டைப் பார்த்தே எல்லாப் பேச்சையும் படித்துவிடுவாள். நான் ஒரு தடவைதான் கேட்டேன்.

ஜூன் 4, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. மிக்ஸி ஜாரின் பிளேடு லூசாகிவிட்டது, டவுன்ஹால் பக்கம் ரிப்பேர் கடையில் கொடுத்திருக்கிறேன்.

சாயங்காலம் முறைப்படி வேலையை ஆரம்பித்தேன். முதல் தடவை கேட்டதில் வெள்ளி அதிகப் பளிச்சென்று இருந்தது. சந்தேகப்பட்டு, சோதனை டிஸ்க்கில் ஒரே சீரான ஊதல் சத்தத்தை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தால், வெள்ளி கறுப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெளியே தள்ளுகிறது. இம்மியளவு கூடுதல் சத்தத்தைக் காது "நல்ல சத்தம்" என்று நம்பி ஏமாந்துவிடும். இரண்டையும் சமப்படுத்தினேன். பளிச்சு காணாமல் போயிற்று. கறுப்பில் கீழ்ச்சத்தம், அதாவது பேஸ், கொஞ்சம் இறுக்கமோ என்று தோன்றுகிறது. இன்னும் கேட்க வேண்டும்.

சாந்தா கீழே அறை அறையாக நடந்து சத்தங்களைச் சேகரிக்கிறாள். குக்கர் விசில் அடித்தபோது கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். நான் இறங்கி வந்ததும் சுவரைக் காட்டி, "படபடங்குதே, அதென்னதுங்க?" என்றாள். ஃபேன் காற்றில் காலண்டர் தாள் அடித்துக்கொள்கிறது. அந்தச் சத்தம் இந்த வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது.

ஜூன் 5, வியாழன்

தூறல். பிளேயர்களைத் தொடவில்லை. சாந்தா வாசற்படியில் உட்கார்ந்து மழையைக் கேட்டாள், "எண்ணெய்ல அப்பளம் போட்ட மாதிரி" என்றாள், அப்படியும்தான் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

குப்புராஜ் வந்திருந்தான். ஸ்பின்னிங் மில்லுக்கு உதிரிபாகம் விற்கிறவன். கல்லூரியிலிருந்து சிநேகிதம். அவன் வீட்டு ஸ்பீக்கர்கள் ஆளுயரம். கறுப்பைப் பார்த்ததும் அதன் தலையைத் தடவி, "இதுக்கு மேல என்னடா பரீச்ச? எடைய வெச்சே சொல்லிப்போடலாம்" என்றான். வெள்ளியின் ஹெட்போன் துளையைப் பார்த்து மூக்கைச் சுளித்தான். நல்ல பிளேயர் செய்கிறவன் இப்படி ஓட்டை போடமாட்டானாம்.

கண்ணைக் கட்டிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன் என்று சவால் விட்டான். துண்டால் கட்டிவிட்டேன். பியானோ, வயலின், ஒரு ஆண் குரல் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். பாதி சரி, பாதி தப்பு. காசைச் சுண்டிப்போட்டாலும் அதே கணக்குதான் வரும். துண்டை அவிழ்த்துவிட்டு, உங்கள் ஏரியாவில் வோல்டேஜ் சரியில்லை என்றான். அப்புறம் நான் கட்டிக்கொண்டேன். என் கணக்கும் அதேதான். எனக்குக் காலையிலிருந்து மூக்கடைப்பு.

சாந்தா டீ கொண்டுவந்தாள். "அம்மிணி, நீ சொல்லு. புதுக் காது, பழகாத காது. அதுக்குத்தான் சரியாத் தெரியும்" என்றான் குப்புராஜ். யோசனை அவனுடையது. அவளுக்கு ரொம்பப் பிடித்த பாடகியின் டிஸ்க் மேஜைமேல் தயாராக வெளியே இருந்தது என்பது வேறு விஷயம்.

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கறுப்பில் முழுப் பாட்டையும் போட்டேன். அசையாமல் கேட்டாள். பிறகு வெள்ளியில் அதே பாட்டு.

"எது நல்லாருக்குது அம்மிணி?"

சாந்தா என்னைப் பார்த்தாள். "இது எந்தப் பாட்டுங்க?"

சொன்னேன்.

"அதுங்களா இது?" ஸ்பீக்கர் பக்கம் திரும்பினாள். "எவர்சில்வர் டப்பாவுல ஆணியப் போட்டு ஆட்டற மாதிரி இருக்குதுங்க. ரெண்டுலயும் அதே ஆணிதான்."

டம்ளர்களை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். குப்புராஜ் செருப்பைத் தேடினான். போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லாமலே போனான்.

ஜூன் 9, திங்கள்

சாந்தா கருவியை மாட்டவில்லை. தலைவலியாம்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் மாட்டவில்லை. கருவி அதன் பெட்டியில், பெட்டி பீரோவில். பழையபடி சைகையும் உதடுமாக இருக்கிறோம். மிக்ஸி ஜார் வந்துவிட்டது.

கறுப்பில் கீழ்ச்சத்தம் இறுக்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன். இன்று கேட்டால் அப்படித் தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு வேலை இருந்தது. அப்படியே நஸ்ரினையும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னேன். அவள் பேனாவை மூடிவைத்தாள். "சார், வீட்ல நீங்க அவங்களுக்கு எக்ஸாம் வெச்சிருக்கீங்க. அதுவும் வெளியாள் முன்னாடி."

"பிளேயரத்தான் டெஸ்ட் பண்ணோம்."

"அவங்க அப்பிடி நெனச்சிருப்பாங்களா?"

பிறகு அவளே விளக்கினாள். இந்தக் கருவி சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை, ஸ்வரத்தை, அரைகுறையாகத்தான் தரும். தாளத்தை நன்றாகத் தரும். முழுக் கச்சேரியை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. ஒரு வாத்தியம், இரண்டு வாத்தியம் போதும். அறையின் எதிரொலி குழப்பும். கருவியோடு வந்த பெட்டியில் ஒரு ஒயர் இருக்கிறது, அதை ஹெட்போன் துளையில் சொருகினால் சத்தம் நேராகக் கருவிக்குப் போகும், வெளிச்சத்தமும் கலக்காது. "முக்கியமா, எது நல்லாருக்குன்னு கேக்காதீங்க சார். தனியா விட்டுருங்க."

சாயங்காலம் சாந்தாவிடம், "உன் பெட்டியில ஒரு ஒயர் இருக்குதாமா. பாட்டுக் கேக்கறதுக்கு" என்று மட்டும் சொன்னேன்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்று கீரை ஆய்ந்தாள்.

ஜூன் 13, வெள்ளி

ஆபீசிலிருந்து வந்து வெள்ளியின் டிரேயைத் திறந்தால் மிருதங்கம், கடம் தனி ஆவர்த்தன டிஸ்க் உள்ளே இருக்கிறது. நான் கடைசியாகப் போட்டது பியானோ. ஹெட்போன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. தூசி தட்டும்போது கை பட்டிருக்கலாம்.

ஜூன் 14, சனி

தூசி தட்டினால் டிஸ்க் மாறாது.

ஜூன் 15, ஞாயிறு

தவணை முடிந்தது. எட்வின் போன் செய்தார். வெள்ளிக்குத் திருப்பூரில் ஒருவர் காத்திருக்கிறாராம். இன்னும் கொஞ்ச நாள் ஓடினால்தான் மெஷின் பழகும், அப்புறம்தான் சரியாகக் கேட்க முடியும் என்றேன்.

"சார், அது ரெண்டு வருஷமா கடையில ஓடிட்டு இருக்கு."

"எங்க வீட்டுக் கரண்டுக்குப் பழகணுமில்ல" என்றேன். குப்புராஜிடம் கற்றது. எட்வின் பெருமூச்சு விட்டது போனில் நன்றாகவே கேட்டது. மாதக் கடைசி வரை நீட்டித்திருக்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்

வெள்ளியின் முன்னால் தரையில் ஒரு தலையணை. அதில் ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம். டிரேயில் அதே டிஸ்க். நான் ஒன்றும் கேட்கவில்லை. கருவி காதில் இருக்கிறது. காலையில் அதை மாட்டிக்கொண்டுதான் தோசை வார்த்தாள்.

தாளவாத்திய டிஸ்க்குகள் எல்லாம் ஷெல்ஃபின் மேல்தட்டில், ஸ்டூல் போட்டு எடுக்கிற உயரத்தில் இருந்தன. கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். எடுக்க வசதி. யாருக்கென்று இல்லை, பொதுவாக.

ஜூன் 19, வியாழன்

ஃபேக்டரியில் டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு. மூன்று மணிக்கே அனுப்பிவிட்டார்கள். சாவி போட்டுத் திறந்து மேலே போனேன்.

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. சாந்தா எனக்கு முதுகைக் காட்டித் தலையணைமேல் உட்கார்ந்திருந்தாள். காதுக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு ஒயர் இறங்கி வெள்ளியின் முகப்பில் போய்ச் சொருகியிருந்தது. ஸ்பீக்கரில் சத்தமில்லை. அறையில் சத்தம் என்று இருந்ததெல்லாம் அவள் உள்ளங்கை தொடையில் விழுகிற சத்தம்தான். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆதி தாளம். பிசகவில்லை. திடீரென்று கையை நிறுத்தினாள். பொத்தானை அழுத்திக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய், விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்தாள்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. மெதுவாகப் படியிறங்கிக் கதவைப் பூட்டிவிட்டு, தெருமுனைக் கடைக்குப் போய் டீ சாப்பிட்டேன். இன்னொரு டீயும் சாப்பிட்டேன். கடைக்காரர், "என்னுங் சார், கண்ணுல தூசியா?" என்றார். லாரி போன ரோடு, தூசிக்கு என்ன குறைச்சல்.

வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

சாப்பிட்டு முடித்ததும் சாந்தா, "மேல வாங்க, ஒண்ணு சொல்லோணும்" என்றாள். என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள். வெள்ளியில் டிஸ்க்கைப் போட்டு, தான் ஒயரில், நான் கேட்க வசதியாக ஸ்பீக்கரிலும் வரும்படி எல்லாவற்றையும் அவளே செய்தாள். எந்தப் பொத்தான் எதற்கு என்று நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

"இப்ப ஒரு கணக்கு வரும் பாருங்க. மிருதங்கக்காரரு ஒரு கோர்வை அடிப்பாரு. மொதல்ல ஏழு, பொறவு ஆறு, பொறவு அஞ்சு, இப்பிடிக் கொறைஞ்சுட்டே போகுது. அதையே மூணு வாட்டி. முடியற எடத்துல தாளத்தோட தலையில கரெக்டா வந்து உழுகும்." வந்து விழுந்தது. அவள் கை தொடையில் அறைந்த அதே நொடியில். "பாத்தீங்களா? நாலு நாளா அது எங்கிருந்து ஆரம்பிக்குதுன்னு புடிபடவே இல்ல. நேத்துதான் போர்டுல எழுதற மாதிரி மனசுக்குள்ள எழுதிப் பாத்தேன். கடம் எது, மிருதங்கம் எதுன்னு கூட இப்ப பிரிஞ்சு கேக்குது. ஒண்ணு பானை, ஒண்ணு தோலு."

"ஆணி?"

"ஆணி கொஞ்சம் இருக்குது. ஆனா இதுல ஆணி இருந்தா என்னங்க, தட்டறதுதான?"

எனக்கு அந்தக் கோர்வை பல வருஷப் பழக்கம். ஏழு, ஆறு, ஐந்து என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

பிறகு ஸ்பீக்கரைக் காட்டி, "இதுமேல இருந்த பெட்ஷீட்ட எப்பங்க எடுத்தீங்க?" என்றாள். இந்த மாதம்தான் என்றேன். "எனக்குக் காது போன புதுசுல, நீங்க இதுல பாட்டு வெச்சா நான் மேல வந்து துணி மடிப்பேன், ஞாபகமிருக்குதுங்களா? தரையெல்லாம் அதிரும். கால்ல தெரியும். என்ன பாட்டுன்னு தெரியாது, பாட்டு ஓடுதுன்னு தெரியும். பொறவு நீங்க ஹெட்போன் வாங்கிட்டீங்க."

"உனக்குக் கேக்காதப்ப நான் மட்டும் எப்பிடி..."

"எனக்குக் கேக்கலைன்னா ஊட்டுக்கும் கேக்கக்கூடாதுங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இன்று பிளேயர்கள் பற்றிக் குறிப்பு ஏதுமில்லை.

ஜூன் 24, செவ்வாய்

நஸ்ரின் கருவியை மறுபடி சரிசெய்தாள். சத்தங்களின் அளவைக் கூட்டிவிட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்க் குழாய், செருப்பு, என் தும்மல் எல்லாமே சாந்தாவுக்குக் கூர்மையாகக் குத்துகிறது. மிருதங்கத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். "திரும்ப மொதல்ல இருந்தா?" என்று அழுதாள். ஆபரேஷன் அன்றுகூட அழாதவள்.

கருவியை மட்டும் கழற்றவில்லை. அழுதபோதும் காதில் இருந்தது. "என் அழுகையே எனக்கு அசிங்கமாக் கேக்குது" என்று மூக்கைச் சிந்திவிட்டு ரவை வறுக்கப் போனாள்.

ஜூன் 26, வியாழன்

கொஞ்சம் பரவாயில்லை என்கிறாள். அந்தப் பாடகியின் பாட்டு வரிகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். எனக்கு மனப்பாடம். கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கேட்கும்போது நான் பக்கத்தில் இருக்கக்கூடாது என்றாள். கீழே வந்து மோட்டார் போட்டேன், தொட்டி நிரம்பி வழிகிறவரை அதை அணைக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

எட்வின் வந்தார். தீர்ப்பைக் கேட்க குப்புராஜும் வந்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் வருகிறான். கையில் ஒரு சீப்பு செவ்வாழை. சாந்தாவிடம் கொடுத்து, "அன்னிக்கு நான் வாய வெச்சுட்டு சும்மா இருந்திருக்கலாம், அம்மிணி" என்றான். வாயை அகலத் திறந்து, அவளுக்குப் புரியட்டுமென்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"சாதாரணமாவே பேசுங்கண்ணா, கேக்குது" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் கறுப்பின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எது சார் நிக்குது?" என்றார் எட்வின்.

"வெள்ளி."

குப்புராஜ் பாய்ந்தான். "ஏண்டா நாச்சிமுத்து, உனக்குக் கிறுக்கா? கறுப்புல இருக்கற அந்தக் கனம், அந்த ஆழம், அதெல்லாம்..."

"அண்ணா," என்றாள் சாந்தா, "இன்னொருக்கா கண்ணக் கட்டிட்டு எது கறுப்புன்னு நீங்க சரியாச் சொல்லுங்க, அதையே வாங்கிப்போடறோம்."

எட்வின் இருமலை அடக்கினார். குப்புராஜ் ஒரு பழத்தை உரிக்க ஆரம்பித்தான்.

பில் போடும்போது எட்வின் என்னைத் தனியாகக் கேட்டார், மற்ற வாடிக்கையாளர்களிடம் சொல்ல வசதியாக இருக்குமாம், இரண்டுக்கும் சத்தத்தில் என்ன வித்தியாசம் கண்டீர்கள் என்று. நியாயமான கேள்வி. அளந்து சமப்படுத்தி கிட்டத்தட்ட ஒரு மாதம் கேட்டிருக்கிறேன். வித்தியாசம் இருக்கலாம், என் காதுக்கு அகப்படவில்லை என்றேன். "அப்ப எதை வெச்சு சார் முடிவு பண்ணீங்க?"

"முன்னாடி ஒரு துளை இருக்குதுல்ல" என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. கறுப்பை நானும் குப்புராஜும் எட்வினும் சேர்ந்து இறக்கினோம். என்ன எடை!

ஜூலை 2, புதன்

வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சாந்தா படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். "ஒரு சொல்லப் புடிச்சிட்டேன்!"

"என்ன சொல்?"

"'வா'ங்கறா. நீங்க எழுதிக் குடுத்த தாளப் பாக்காம இருந்தேன். கண்ண மூடிட்டு இருந்தேன். திடீருன்னு 'வா'ன்னா. ஆம்பளை குரலா பொம்பளை குரலான்னுகூட இன்னும் சரியாத் தெரியலீங்க. ஆனா 'வா'ன்னுதான் சொன்னா."

நான் உள்ளே வந்து தண்ணீர் குடித்தேன். சொம்பு முழுவதும் குடித்தேன்.

ஜூலை 4, வெள்ளி

மூன்று சொற்கள். ஒன்று தப்பு. தப்பையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறாள், டீச்சரல்லவா, முயற்சிக்கு மார்க் உண்டாம்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் மேலே வந்த சாந்தா ஒயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். "இன்னிக்கு ஸ்பீக்கர்ல வெய்யுங்க. நீங்களும் உக்காருங்க."

எதிரொலி குழப்பும் என்று நஸ்ரின் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். குழம்பினால் குழம்பட்டும் என்றாள். வரி எழுதிய தாளையும் கையில் எடுக்கவில்லை.

அந்தப் பாடகியைப் போட்டேன். சாந்தா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முதல் வரியில் அவள் முகத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. நன்றாக இருக்கிறதா, கேட்கிறதா, புரிகிறதா என்று கேட்கத் துறுதுறுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நடுவில் ஓரிடத்தில் அவள் உதடு பாடகியோடு சேர்ந்து ஒரு சொல்லை அசைத்தது. அப்புறம் விட்டுவிட்டது. அப்புறம் இன்னொரு சொல். சரணத்தில் மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தாள். ஸ்ருதி சேரவில்லை. பாடகி ஓரிடம், சாந்தா ஓரிடம். ஸ்ருதி கொஞ்சம் விலகினாலும் எழுந்து போய்விடுகிறவன் நான். உட்கார்ந்திருந்தேன்.

"இன்னுங் கொஞ்சம் சத்தமா வெய்யுங்க."

வைத்தேன். தரை அதிர்ந்தது. இன்னும் என்று கையால் காட்டினாள். வைத்தேன்.

மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது சாந்தா சட்டென்று தலையைத் தூக்கினாள். "லோகநாயகியக்கா கூப்பிடறாங்க."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாட்டைத் தவிர வேறெதுவும் இல்லை. காது கொடுத்துக் கேட்டேன். ஆமாம், பக்கத்து வீட்டுக் காம்பவுண்டிலிருந்து லோகநாயகி அம்மாளின் குரல். "ஏஞ்சாந்தா... சத்தத்தக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லம்மிணி... ஞாயித்துக்கெழமை கண்ணசர உடமாட்டேங்கறாரு உங்க ஊட்டுக்காரரு..."

அந்த அம்மாளின் உதடு அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.

சாந்தா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். "சரீங்கக்கா! கேட்டுச்சு!" என்று கத்தினாள். பிறகு அதையே இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக, "கேட்டுச்சுங்கக்கா!" என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். நான் சத்தத்தைக் குறைக்கக் குமிழுக்குக் கையை நீட்டினேன். என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருங்க," என்றாள். "இந்தப் பாட்டு முடியட்டும்."